கைவிடப்பட்ட குதிரையைத் தேற்றுதல்

மாடு, ஆடு, கோழி வளர்ப்பைப் பற்றி இவ்விதழில் பல தடவை எழுதப்பட்டுள்ளது. குதிரையைப் பற்றி எழுத வேண்டி வருமென்று நான் எண்ணியதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள எமது சங்கங்களில் குதிரை வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆயினும் 2020 ஆம் ஆண்டில் ஒரு குதிரை, நாம் இரக்கப்பட்டுக் கொடுத்த உணவினாலேயே, எமது கண் முன்னால் இறந்தது. அக்குதிரையை வாங்குவதற்கான கடன் விண்ணப்பத்தில் சிபாரிசு செய்து கையொப்பமிட்டவனும் நானே. அதன் பின்பு மிருக வைத்தியர்களிடமும், குதிரைக்காரர்களிடமும், புத்தகங்களிலிருந்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். இவற்றுட் பெரும்பகுதி கழுதைக்கும் பொருந்தும் என்பதால் மன்னார், புத்தளம் பக்கத்து வாசகர்களுக்கும் பயன்படலாம்.

மலைநாட்டில் குதிரை

கண்டிக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. 1832 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்தக் குதிரைகள் பட்ட பாட்டை அவ்வழியே பஸ்ஸில் போகும்போது கூட ஊகிக்கலாம். 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அத்துடன் அவ்வழியில் குதிரையின் வேலை குறைந்துபோயிற்று. வேலை முடிந்த விலங்குக்கு என்ன நடந்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

தோட்டத் துரைமாரின் குதிரைகளும் காலப்போக்கில் மறைந்தன. எஞ்சியது நுவரெலியாவின் ஓட்டப் பந்தயம். ஏப்ரல் வசந்த காலத்தில் பந்தயத் திடலில் கூட்டம் கூடும். பந்தயத்தில் ஓட முடியாதபடி வயதேறிய அல்லது கால் பழுதடைந்த குதிரைகள் கைமாறிக் கைமாறி, கிரகரி வாவியோரத்தில் பிள்ளைகளையும் புதுமணத் தம்பதியரையும் ஏற்றிக் கொண்டு போகும் சவாரிக் குதிரைகள் ஆகின்றன. அங்கிருந்தும் கழிந்தவை நகரத் தெருக்களில் மரக்கறிக் கழிவையும் பொலித்தீனையும் மேய்ந்து திரிவதைப் பார்த்திருப்பீர்கள். இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. நீலகிரியில் உதகமண்டலத்திலும் இதே கதைதான்: பந்தயத் திடல், ஏரி, சவாரி, பின்பு குப்பைத் தொட்டி. அங்கே மசினகுடிக்கு அண்மையில் மாவனல்லாவில் இத்தகைய குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் ஒரு புகலிடம் அமைக்கப்பட்டது.

கடன் வாங்கி வந்த குதிரை

புசல்லாவைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து இளைஞர் 2018 இல் எமது சேமிப்புக் குழுவிடம் கடன் கேட்டு வந்தார். நுவரெலியாவில் கூலிக்குக் குதிரை நடத்தியவர். சொந்தமாக ஒன்று வாங்கினால் நாட்கூலி முழுவதும் தமக்கே என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தது. சீசன் நாட்களில் சவாரி ஒன்றுக்கு இவ்வளவு, நாளொன்றுக்கு இத்தனை சவாரி என்று தாளில் எழுதிக் காட்டினார். நானும் மகிழ்ந்து ஒப்பமிட்டேன். சவாரி இல்லாத நாட்களில் குதிரை எதைத் தின்னும் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பசு மாட்டுக்கடன் என்றால் புல்வெட்ட இடமுண்டா என்று முதலில் கேட்டிருப்பேன். குதிரை என்றதும் அதனை ஒரு மோட்டார் சைக்கிளைப் போல எண்ணிவிட்டேன் போலும்.

2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் நடந்தன. அது நுவரெலியா சீசனின் நடுப்பகுதி. பயணிகள் ஓடிப்போனார்கள். மெல்ல மீண்டு வரும்போது 2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தது. இளைஞர் குதிரையை லொறியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து லயத்தின் பின்னால் கட்டினார். தேயிலை மலையில் குதிரைக்கு ஏற்ற புல் எங்கே? வரம்பில் உள்ளதை மாடு வைத்திருப்பவர்கள் விடியுமுன்னே வெட்டிவிடுவார்கள். எஞ்சுவது மானாப்புல். அதனைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

ஆகஸ்ட் மாதத்தில் நான் அங்கே சென்றபோது அது எலும்பும் தோலுமாய் நின்றது. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணலாம். இளைஞர் தலையைத் தொங்கப்போட்டுக் கொண்டு, "சாமி, கடனக் கட்டவும் ஏலல்ல, இத யாருக்கும் தள்ளிவிடவும் மனசு வரல்ல" என்றார். அவர் வீட்டிலும் அந்நாட்களில் மூன்று வேளை அடுப்பு எரியவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நான் மறுநாளே மாட்டுத் தீவனம் ஒரு மூடையும், தவிடும், புண்ணாக்கும் அனுப்பினேன். சங்கத்துப் பெண்கள் "வாயில்லாச் சீவன்" என்று இரங்கி, வீட்டில் இருந்த அரிசிக் குருணையையும் கஞ்சியாக்கிக் கொடுத்தார்கள். குதிரை ஆவலோடு தின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் நடுங்கியது. நான்காம் நாள் படுத்தது, பின்பு எழவில்லை.

பசித்த வயிற்றுக்கு உணவே நஞ்சாவது

நடந்தது என்னவென்று எமக்கு விளக்கியவர் ஒரு மிருக வைத்தியர். பட்டினி கிடக்கும் உடல் முதலில் தன் கொழுப்பையும், பின்பு தசையையும் எரித்து உயிர் வாழ்கிறது. உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய தாதுக்கள் மெல்ல மெல்லக் குறைந்து போகின்றன. வெளிப்பார்வைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இது உடனே தெரியாது. அந்நிலையில் மாச்சத்து மிகுந்த தானியமோ கஞ்சியோ உள்ளே சென்றால் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அதனைக் கையாள இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் சீனியோடு சேர்த்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்தச் சொற்பத் தாதுக்களையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக் கொள்கிறது. இரத்தம் வெறுமையாகிறது. இதயமும், மூச்சுத் தசைகளும் தளர்ந்து நின்றுவிடுகின்றன. உணவு கொடுக்கத் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை இந்த ஆபத்து அதிகம்.

மனிதருக்கும் இது நேரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுள் பலர், படைவீரர்கள் அன்போடு கொடுத்த செறிந்த உணவை உண்டபின் இறந்தார்கள். உலகமே கற்ற அப்பாடத்தை நாம் ஒரு குதிரையின் விலையில் திரும்பக் கற்றோம்.

குதிரைக்கு வேறொரு பலவீனமும் உண்டு. அது மாட்டைப் போல அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை உடலின் பருமனோடு ஒப்பிடச் சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லைப் பதப்படுத்தும் வேலை பின்குடலில் நடக்கிறது. ஆகவே ஒரே தடவையில் நிறையத் தானியம் சென்றால் குடல் நொதித்து வயிற்றுவலி வரும். அதைத் தொடர்ந்து குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டு நிரந்தர முடமும் ஆகலாம்.

அப்படியானால் எவ்வாறு கொடுப்பது? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்து, தானியமன்றி, குதிரை மசால் என்னும் லூசேர்ன் வைக்கோலே பாதுகாப்பானது எனக் கண்டார்கள். அதில் மாச்சத்துக் குறைவு, புரதமும் தாதுவும் மிகுதி. முதல் மூன்று நாட்களுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரைக் கிலோ அளவில், இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவைக் கூட்டி, தடவைகளைக் குறைத்து, பத்து நாட்களில் வழமையான அளவை எட்டலாம். தண்ணீரும் உப்புக்கட்டியும் எந்நேரமும் இருக்க வேண்டும். தானியத்தைப் பல வாரங்களுக்கு நினைக்கவே கூடாது.

கண்டியில் லூசேர்னுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நாமும் கேட்டோம். எமக்குக் கிடைத்தது வெட்டி அரைநாள் வாட்டிய புல்லே. அதனையும் அதே ஒழுங்கில், சிறுகச் சிறுகக் கொடுப்பதுதான் முக்கியம் என்று வைத்தியர் சொன்னார். வைக்கோலை மட்டும் கொடுத்து நிரப்பக் கூடாது. பல் கெட்ட குதிரையின் குடலில் அது அடைத்துக்கொள்ளும்.

மாட்டுக்கு நல்லது குதிரைக்குத் தீது

2022 இல் இரண்டாவது குதிரை வந்தது. பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லை, பயணிகள் இல்லை, தீவன விலையோ எட்டாத உயரம். நுவரெலியாவில் ஒருவர் கைவிட இருந்த பெட்டைக் குதிரையைப் பற்றி முன்னைய இளைஞரே எமக்கு அறிவித்தார். இம்முறை அதனைக் கண்டிக்கு அண்மையிலுள்ள எமது பயிற்சி நிலையத்தின் பின்காணிக்குக் கொண்டுவந்தோம். வந்தவுடன் தீவனம் வாங்க ஓடாமல் முதலில் அளவுநாடாவை எடுத்தோம்.

குதிரையை நிறுக்கத் தராசு தேவையில்லை. முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதனை அதே எண்ணாற் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோகிராமில் நிறை கிடைக்கும். எமது குதிரையின் மார்புச் சுற்று 150, நீளம் 152. கணக்குப் பார்த்தால் 288 கிலோ. இத்துடன் உடல்நிலைப் புள்ளி என்றொரு முறையும் உண்டு. ஹெனெக் என்னும் அமெரிக்கர் 1983 இல் வெளியிட்டது. கழுத்து, முதுகின் திமிற்பகுதி, தோள், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களைக் கையால் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை புள்ளியிடுவது. 1 என்றால் எலும்பன்றி வேறில்லை, 5 நடுத்தரம், 9 கொழுத்தது. கண்ணால் மட்டும் பார்த்தால் மயிர் ஏமாற்றும். குளிர்ப்பகுதிக் குதிரையின் நீண்ட மயிருக்குள் மெலிவு மறைந்திருக்கும். எமதற்கு 2 என்று வைத்தோம். வாரந்தோறும் அளந்து சுவரில் எழுதினோம். குறைந்தால் ஏதோ பிழை என்று அறிய அது ஒன்றே வழி.

புல் விடயத்தில் மாடு வளர்த்த அனுபவம் எம்மைப் பல இடங்களில் தவறான வழிக்கு இழுத்தது. கிளிரிசீடியா இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அருமையான உணவு. வேலிதோறும் நிற்கிறது. குதிரைக்கு அது நஞ்சு. அசைபோடும் விலங்கின் வயிறு செய்யும் வேலையைக் குதிரையின் வயிறு செய்வதில்லை. இப்பில்-இப்பில் இலையைத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். யூரியா கலந்த வைக்கோலையும் கொடுக்கலாகாது. மாட்டுக்கும் கோழிக்கும் செய்யப்படும் சில தீவனங்களில் மொனென்சின் என்னும் மருந்து சேர்க்கப்படுகிறது. மாட்டைப் பாதிக்காத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். முதற் குதிரைக்கு நான் அனுப்பிய மூடையில் என்ன கலந்திருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. பையின் மேலிருந்ததை வாசித்துப் பார்க்கும் அறிவு அன்று இருக்கவில்லை.

கண்டிப் பகுதியில் தெருவோரம் எங்கும் செழித்து நிற்பது கினிப் புல். நுவரெலியாவில் கிக்குயூப் புல். இரண்டையும் குதிரை விரும்பித் தின்னும். ஆனால் இவ்வகை வெப்பவலயப் புற்களில் ஒக்சலேற்று என்னும் பொருள் உண்டு. அது புல்லிலுள்ள கல்சியத்தைக் கட்டிவைத்து, உடலுக்குச் சேரவிடாமற் செய்கிறது. அதன் மேல் நாம் அரிசித் தவிட்டையும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கல்சியம் போதாத உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக் கொள்கிறது. முதலில் காரணம் தெரியாத நொண்டல். பின்பு முகத்தின் இரு பக்கமும் எலும்பு வீங்கித் தலை பெருத்துத் தெரியும். நன்றாக உண்ணும் குதிரை இவ்வாறு தேய்வதைக் கண்டு பலர் செய்வினை என்று கூட எண்ணியிருக்கிறார்கள். வேண்டியது சுண்ணக்கல் மாவு போன்ற ஒரு கல்சியச் சேர்க்கைதான். மலிவான பொருள். எவ்வளவு என்பதை நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளிக் கொடுத்து வாயைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

பல்லையும் குளம்பையும் மறந்தால் தீவனம் வீண். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆயுளின் பெரும்பகுதியில் ஈறிலிருந்து மெல்ல வெளிவந்து, தேய்ந்து கொண்டேயிருக்கும். தேய்வு ஒழுங்கில்லாவிட்டால் ஓரம் கத்திபோலாகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பும் குதிரைக்குப் பசியில்லை என்று நினைக்க வேண்டாம், வாய் நோகிறது. அரத்தால் அராவிவிட்டாற் போதும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வரை வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டிச் சீர்செய்ய வேண்டும். எமது குதிரையின் குளம்புகள் செருப்பின் நுனிபோல் மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒரே நாளில் வெட்டிச் சரியாக்க முயலாமல் நான்கு தடவைகளில் சிறிது சிறிதாகக் குறைத்தோம். மழைக்காலத்துச் சேற்றில் நின்றால் குளம்பின் அடி அழுகி நாறும். அதற்கு மருந்தைவிடக் காய்ந்த தரை முக்கியம்.

பூச்சி மருந்தை வந்த அன்றே கொடுக்க வேண்டாம். நலிந்த குதிரையின் குடலில் பெருந்தொகைப் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் அதுவே ஆபத்து. சற்றுத் தேறியபின் வைத்தியர் சொல்லும் நாளில் கொடுக்கலாம். ஏற்பு வலித் தடுப்பூசி கட்டாயம். ஏற்புக் கிருமிக்குக் குதிரையைப் போல எளிதில் இரையாகும் வீட்டு விலங்கு வேறில்லை. நாட்டில் விசர்நாய்க்கடி இருக்கும்வரை அதற்கான ஊசியும் வேண்டும். மாட்டுப் பட்டிக்கு அருகே குதிரையைக் கட்டுவதிலும் ஓர் ஆபத்துண்டு. மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் ஒரு நூற்புழுவின் குஞ்சுகளை நுளம்பு குதிரைக்குக் கடத்துகிறது. அவை குதிரையின் முள்ளந்தண்டில் புகுந்து பின்கால்களைத் தளர்த்திவிடும். பின்பக்கம் ஆடி ஆடி நடக்கும் குதிரையைக் கண்டால் அன்றே வைத்தியரை அழையுங்கள்.

எட்டு மாதங்களின் பின் மார்புச் சுற்று 168 ஆயிற்று. நிறை 361 கிலோ.

உரிமையாளரை என்ன செய்வது?

வதை செய்தவரைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சிலர் என்னிடம் வாதிட்டார்கள். எமது சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்தது. அதில் விதிக்கப்பட்ட உச்ச அபராதம் 100 ரூபா. அந்நாளில் அது பெருந்தொகை. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய விலங்கு நலச் சட்டமொன்றின் வரைவைத் தயாரித்தது. அது ஆண்டுக்கணக்கில் மேசைக்கு மேசை நகர்ந்தது. அடித்து வதைப்பவர்களுக்குச் சட்டம் வேண்டும், அதுவும் பல்லுள்ள சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எமது இளைஞரைப் போன்றவருக்குச் சிறையா மருந்து? குதிரை பட்டினி கிடந்த வீட்டில் பிள்ளையும் பட்டினி கிடந்தது.

விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் உண்டு. பகைவனின் கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடக்கக் கண்டால், விலகிப் போகாமல் அவனோடு சேர்ந்து அதனைத் தூக்கிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றியவன் யார் என்று அங்கே விசாரணை இல்லை. அவனோடு சேர்ந்து தூக்கு என்பதே கட்டளை. அவனும் கை கொடுத்தாக வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம். இரண்டாவது குதிரையை நாம் வாங்கிக் கொண்டபோது, அதன் உடையவரிடம் பணம் கொடுக்கவில்லை. பணம் கொடுத்தால் இன்னொரு மெலிந்த குதிரை சந்தைக்கு வரும். எழுத்தில் உரிமை மாற்றம் பெற்று, லொறிக் கூலியை மட்டும் நாம் ஏற்றோம்.

இதைவிடக் கடினமான கேள்வியை எமது சங்கத்துத் தாய் ஒருவர் கேட்டார்: "எங்க புள்ளைகளுக்குப் பால்மா இல்ல, சாமி குதிரைக்கு ஊசி போடுறீங்களே?" 2022 இல் கேட்கப்பட்ட கேள்வி இது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418 ஆம் எண்ணில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. விலங்குகளை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண். மனிதரின் துயர்துடைப்புக்கு முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது. நான் அந்தத் தாய்க்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. சங்கப் பணத்தில் ஒரு சதமும் குதிரைக்குப் போகவில்லை என்பதைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புல் வெட்டியது பயிற்சிக்கு வந்த இளைஞர்கள், ஊசிச் செலவு எனக்குத் தெரிந்த சில நண்பர்களுடையது. அவர் முழுமையாகத் திருப்தியடைந்தார் என்று சொல்லமாட்டேன். பின்பு ஒரு நாள் ஒரு கட்டுக் கினிப்புல்லோடு வந்தார். அதற்குப் பொருள் என்னவென்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது

1930 இல் டொரத்தி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி கெய்ரோ நகருக்குச் சென்றார். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்கு உழைத்த குதிரைகள், போர் முடிந்ததும் அங்கேயே விற்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல் வண்டி இழுத்துக் குருடாகவும் முடமாகவும் திரிவதைக் கண்டார். 1931 இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் குவிந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சில நாட்கள் நன்றாக உண்ணவைத்து, ஓய்வு கொடுத்து, வலியின்றி உயிர்நீக்கச் செய்தார். பின்பு 1934 இல் கெய்ரோவில் ஏழைகளின் குதிரை, கழுதைகளுக்கு இலவச வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். அவர் பெயரால் அப்பணி பல நாடுகளுக்குப் பரவியது. பழைய குதிரைகளை வாங்குவதிலேயே நின்றிருந்தால் பணம் முடிந்ததும் பணியும் முடிந்திருக்கும். உழைக்கும் விலங்கையும் அதன் உடையவரையும் ஒன்றாகக் கவனித்ததே அவர் கண்ட வழி.

உயிரை நீக்கும் முடிவு நம் நாட்டில் எளிதன்று. பௌத்தரும் இந்துக்களும் கூசுவர், நாமும் கூசுகிறோம். ஆனால் கால் முறிந்தோ, எழ முடியாமலோ, நாட்கணக்கில் ஒரு பக்கமாகவே கிடந்து தசை அழுகும் குதிரையைக் காகம் கொத்த விட்டுவிட்டு, உயிர்க்கொலை செய்யவில்லை என்று ஆறுதலடைவது எனக்கு உடன்பாடில்லை. முதற் குதிரை கிடந்த அந்த ஓர் இரவில் ஒரு வைத்தியரைத் தேடிப்பிடிக்க எம்மால் முடியவில்லை.

நெடுந்தீவுக் குதிரைகளை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். ஐரோப்பியர் விட்டுச் சென்றவற்றின் வழிவந்த அவை சுதந்திரமாகத் திரிபவை. வறட்சியில் அவற்றுக்கு வேண்டியது தண்ணீர். பிடித்துவந்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம்.

புதிய இடம் தேடுதல்

தேறிய குதிரையை எங்கே அனுப்புவது? இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கண்டிப் பகுதியில் வெட்டுக்குப் போகும் மாடுகளைப் பணம் கொடுத்து மீட்டு, ஏழை விவசாயிகளுக்குத் தானமாகக் கொடுக்கும் பௌத்த மரபு ஒன்று உண்டு. அழகிய மரபு. தானம் பெற்றவர் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பசு என்றால் பால் தருகிறது, வயலில் உழைக்கிறது, ஆகவே பெற்றவருக்கும் பயனுண்டு. குதிரை பால் தராது, வயல் உழாது. 400 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு 35 கிலோ அளவில் பச்சைப் புல்லும், 30 லீற்றருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். இதனை ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தானமாகக் கொடுப்பது அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கடனைக் கட்டிவைப்பதற்குச் சமம்.

எமது குதிரையைக் கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட நினைத்தார். ஒருவர் தம் மகனின் பிறந்தநாள் பரிசாகக் கேட்டார். குண்டசாலைப் பக்கத்தில் இருபது மாடுகளோடு சொந்தப் புற்காணியும் வைத்திருந்த ஒருவரிடமே ஒப்படைத்தோம். மூன்று தடவை போய்ப் பார்த்தபின்பு ஒப்பந்தம் எழுதினோம். விற்கவோ கைமாற்றவோ கூடாது, குட்டி ஈன வைக்கக் கூடாது, முடியாமற் போனால் எமக்கே திருப்பித் தர வேண்டும், நாம் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்பன நிபந்தனைகள். முதல் ஒரு மாதம் பரீட்சார்த்தம். குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு, தனிமையில் வாடும். அங்கே துணைக்கு இன்னொரு கிழட்டுக் குதிரை இருந்தது எமது முடிவுக்கு ஒரு காரணம். நுளம்புக்காக இரவில் மாட்டுப்பட்டியிலிருந்து தள்ளிக் கட்டுகிறார்கள்.

எல்லா விலங்குக்கும் வீடு தேட வேண்டியதுமில்லை. மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்காக பிரிட்ஜிங் லங்கா என்னும் அமைப்பு ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது. வாகனம் மோதிக் கால் முறிந்தவையும், தாயை இழந்த குட்டிகளும் அங்கே பராமரிக்கப்பட்டன. கழுதை என்றால் வசைச்சொல்லாக மட்டும் அறிந்த பிள்ளைகளை அவற்றோடு பழகவும் விட்டார்கள். ஊர் மக்கள் பார்க்கும் பார்வை மாறினால் கழுதை தன் ஊரிலேயே வாழலாம்.

உங்கள் பகுதியில் நலிந்த குதிரையோ கழுதையோ கண்டால், தீவனத்தோடு ஓடாதீர்கள். நிழல், தண்ணீர், ஒரு கைப்பிடி வாட்டிய புல், இவ்வளவும் போதும். உடனே பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கண்டிப் பகுதியினருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை அருகிலேயே இருப்பது ஒரு பேறு. உடையவர் யார் என்று கண்டுபிடித்து அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

புசல்லாவை இளைஞரின் கடனில் ஒரு பகுதியைக் குழு தள்ளுபடி செய்தது. மிகுதியை அவர் செலுத்தி வருகிறார். குளம்பு வெட்டும் வேலையைப் பழகிக் கொண்டார். ஏழு வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிக் குண்டசாலைக்கு வந்து இரண்டு குதிரைகளின் குளம்புகளையும் சீர்செய்கிறார். பெட்டைக் குதிரையின் இடது பின்குளம்பு மட்டும் இன்னும் சற்று வளைந்தே வளர்கிறது.